கூத்தைப் பாடமாக்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன்

பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியை வளர்த்த அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி எழுத வேறு பலர் இருப்பதால் நான் வெளியிலிருந்து ஒருவரைத் தெரிந்துகொண்டேன். அவர் எமது கல்லூரியில் ஒருநாளும் படிப்பித்ததில்லை. ஆயினும் தமிழ்த்தினப் போட்டிக்காகக் காலில் சதங்கை கட்டிக் கர்ணனாகவோ குந்தியாகவோ ஆடிய எமது மாணவிகள் எல்லோரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். அவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தர் என்று பொது அறிவு வினாவிடையில் மனப்பாடம் செய்த பெயராகவே பலருக்கு அவர் நினைவில் இருப்பார். அந்தப் பதவிக்கு முன்னர் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றியே இங்கு கூடுதலாக எழுதப்போகிறேன். நான் மருத்துவர், நாடகம் கற்றவள் அல்லள். படித்ததையும், ஆடியபோது அறிந்ததையும் வைத்தே எழுதுகிறேன்.

1924 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் திகதி தெல்லிப்பழை வீமன்காமத்தில் அவர் பிறந்தார். கொழும்பில் பல்கலைக்கழகக் கல்வி பெற்று, 1944 இல் பட்டதாரியாகி, 1946 இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. கல்வெட்டும் மொழியியலும் கற்ற பேரறிஞரான கணபதிப்பிள்ளை, மாணவர் நடிப்பதற்கென்றே யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழில் நாடகங்கள் எழுதியவர். அவருடைய நானாடகம் 1940 இல் நூலாக வந்தது. ஊரில் உடையாரும் விதானையாரும் பேசுகிறபடியே மேடையில் பேசுவது அந்நாளில் சிறிய துணிவல்ல. செந்தமிழிலே நீட்டி முழக்கினால்தான் நாடகம் என்று இருந்த காலம் அது. அந்த நாடகங்களில் நடித்தும், பின்னர் அவற்றைத் தயாரித்தும் வித்தியானந்தன் மேடையைக் கற்றுக்கொண்டார். மாணவரைக் கொண்டு நாடகம் செய்விப்பதும் ஒரு பேராசிரியரின் வேலைதான் என்பதைத் தமது ஆசானிடமே அவர் கண்டிருக்க வேண்டும்.

பின்பு இலண்டன் சென்று பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1954 இல் வெளிவந்த தமிழர் சால்பு, சங்ககாலத் தமிழரின் வாழ்வையும் பண்பாட்டையும் சொல்லும் நூல். எங்கள் வீடுகளில் தமிழ் படித்த ஒருவர் இருந்தால் அந்தப் புத்தகமும் இருக்கும். சங்க இலக்கியத்தோடு நின்றிருந்தாலும் அவர் பெரிய அறிஞராகவே மதிக்கப்பட்டிருப்பார்.

1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1956 இல் அங்கிருந்த சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர தமது மாணவர்களைக் கொண்டு மனமே என்ற நாடகத்தை மேடையேற்றினார். சிங்களக் கிராமங்களின் நாடகம எனும் ஆட்டமரபை, சார்ள்ஸ் சில்வா குருன்னான்சே என்ற கிராமத்து ஆசானின் துணையோடு எடுத்து, படித்தவர்கள் பார்க்கும் அரங்குக்குக் கொண்டுவந்த நாடகம் அது. அதுவரை மேல்நாட்டு நாடகங்களைத் தழுவி ஆடிக்கொண்டிருந்த சிங்கள மேடை அதன்பின் வேறு திசையில் திரும்பியது. அந்த நாடகம மரபோ, எங்கள் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. தமிழ்க் கூத்திலிருந்து, சிறப்பாகக் கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாக, சிங்களத்துக்குச் சென்ற செல்வம் என்றே ஆய்வாளர் பலரும் கூறுவர். அந்தச் செல்வத்தின் தாய்வீட்டிலோ, கூத்தாடி என்பது ஏசும் சொல்லாக இருந்தது. ஆங்கிலக் கல்லூரிகளில் சேக்சுபியரின் காட்சிகளை ஆடுவது பெருமை. ஊர்க் கோயில் வீதியில் விடியவிடிய ஆடும் கர்ணன் போரைப் பார்க்கப் போவதை, படித்த குடும்பத்துப் பிள்ளைகள் வெளியில் சொல்லவும் கூசினர்.

வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவரானார். மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று கூத்து வாழ்ந்த இடங்களுக்கு அவர் நேரே போனார். அண்ணாவிமாரைத் தேடிக் கண்டு, அவர்களை ஒன்றுகூட்டிக் கௌரவித்தார். ஏடுகளிலும் கொப்பிகளிலும் கிடந்த கூத்துப் பிரதிகளை அச்சுக்குக் கொண்டுவந்தார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகமும், மன்னார்க் கத்தோலிக்கரின் எண்டிறீக் எம்பரதோர், மூவிராசர், ஞானசௌந்தரி நாடகங்களும் 1960களில் அவர் பதிப்பித்தவை. அலங்காரரூபன் கதையையும் இயேசு பிறப்பின்போது வந்த மூன்று அரசர்களின் கதையையும் ஒரே அக்கறையுடன் அவர் பதிப்பித்ததை, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படித்த எமது கல்லூரியின் பழைய மாணவிகள் விரும்பி நினைப்பார்கள்.

அவர் ஊர்களில் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்குக் கூத்து என்றால் போட்டியில் ஆடி முடிக்கிற துண்டு மட்டுமே தெரியும். மட்டக்களப்பில் ஒரு கூத்துப் பழகுவதென்றால் ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து என்று முடிவெடுப்பார்கள். அண்ணாவியாரை அழைத்து, யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று பார்த்து, நல்ல நாளில் சட்டங் கொடுப்பார்கள். சட்டம் என்பது அவரவர் படிக்க வேண்டிய பாட்டும் வசனமும். பிறகு மாதக்கணக்கில் இரவிலே பயிற்சி. மத்தளம் சொல்லும் தாளக்கட்டுக்குக் காலைப் பழக்கி, அதற்குமேல் பாட்டை ஏற்ற வேண்டும். கால் படிந்தபின் சதங்கை அணியும் நாள் வரும். அது ஊருக்கே ஒரு சிறு கொண்டாட்டம். பின் முழுக் கூத்தையும் அடுக்குப் பார்ப்பார்கள். வேடஉடுப்பு இல்லாமல் வெள்ளுடுப்பில் ஒருமுறை ஆடுவார்கள். அதன்பிறகே வட்டக்களரியில் அரங்கேற்றம். அரங்கேறியபின் வீடுவீடாகப் போய் ஆடுவதும் உண்டு. போரும் வீரமும் மிகுந்த கூத்தென்றால் வடமோடி, காதலும் நுணுக்கமான ஆட்டமும் மிகுந்ததென்றால் தென்மோடி என்று பொதுவாகச் சொல்வார்கள். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர்கள்கூட நூற்றுக்கணக்கான பாடல்களை இப்படி மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

இதைப் பார்த்த ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் சாதாரணமாக என்ன செய்வார்? கட்டுரை எழுதுவார். வித்தியானந்தனும் எழுதினார். அதற்கு மேலாக, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரைப் பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்கும் ஆசானாக்கினார். பட்டம், பதவி, ஆங்கிலம் என்பவற்றால் ஆள் மதிக்கப்பட்ட ஓரிடத்தில், மத்தளத்தோடு வந்த ஒரு கிராமத்துப் பெரியவர் குருவாக நின்றார். விரிவுரை மண்டபத்தில் பாரதத்தைக் கேட்டுக் குறிப்பெழுதிய மாணவர்கள் அவர் முன்னிலையில் காலைத் தூக்கத் தெரியாமல் நின்றிருப்பார்கள். பேராசிரியர் செய்தவற்றுள் இதையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணுகிறேன்.

1962 இல் கர்ணன் போர் மேடையேறியது. தொடர்ந்து 1963 இல் நொண்டி நாடகம், 1964 இல் இராவணேசன், 1968 இல் வாலிவதை. விடியும்வரை ஆடும் கூத்தை அவர் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்கினார். திரும்பத் திரும்ப வரும் பாடல்களையும் நீண்ட வரவுகளையும் குறைத்து, கதையின் உச்சங்களை இறுக்கிக் கட்டினார். நான்கு பக்கமும் சனம் இருக்கும் வட்டக்களரிக்குரிய ஆட்டங்களை, ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் இருக்கும் படச்சட்ட மேடைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். ஆட்டத்தோடு முகபாவமும் நடிப்பும் வேண்டும் என்பதில் கவனமாக இருந்தார். இராவணேசனில் இராவணன் வெறும் அரக்கனாக வரவில்லை. தன் அழிவைத் தெரிந்துகொண்டே அதை நோக்கி நடக்கும் ஒரு பெரிய மனிதனாக வந்தான். அந்த வேடத்தை ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் அந்த மாவட்டத்தின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து, பேராசிரியராகி, அதே இராவணேசனைப் புதிய தலைமுறையைக் கொண்டு மீண்டும் மேடையேற்றியவர்.

எம்மைப் போன்ற பெண்கள் கல்லூரிக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஊர்க் களரியில் குந்தியும் மண்டோதரியும் ஆண்களே. சேலையுடுத்துக் கொண்டை முடிந்து ஆண் ஆடுவான். பெண்கள் பாய் விரித்து இருந்து பார்ப்பார்கள். பேராதனையில் பெண் பாத்திரங்களை மாணவிகள் ஏற்றார்கள். 1960களில் ஒரு நல்ல குடும்பத்துப் பெண்பிள்ளை, பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்க் கூத்து ஆடினாள் என்றால் ஊர் என்ன கதைத்திருக்கும் என்பதை எமது அம்மாமாரும் பெரியம்மாமாரும் நன்றாகச் சொல்வார்கள். ஒரு பேராசிரியரின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் பின்னால் நின்றதால்தான் அது முடிந்தது. தமது மதிப்பை அவர் இப்படிப் பிறருக்குக் குடையாகப் பிடித்தார். அந்த மாணவிகளில் ஆசிரியைகளானவர்கள் தங்கள் வகுப்புகளுக்குப் போனபோது கூத்தும் கூடவே போனது. பிற்காலத்தில் பெண்கள் கல்லூரிகளில் குந்தியை மட்டுமன்றிக் கர்ணனையும் அருச்சுனனையும் மாணவிகளே ஆடத் தொடங்கினோம். கரப்புடுப்பைக் கட்டிக்கொண்டு வில்லோடு சுற்றிவந்து நிற்கும்போது ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றி வரும் எண்ணமே வேறு. இதை அனுபவித்தவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்து இம்மலரை வாசித்தாலும் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கூத்தைப் பாடமாகப் படிப்பதற்கும் ஆடிப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எனது தொழிலிலிருந்து ஒரு சொல் சொல்லலாம். ஆடிக்கொண்டே பாடுவது நுரையீரலுக்கும் இருதயத்துக்கும் கடுமையான வேலை. வேகமான தாளக்கட்டில் சுழன்றுவிட்டு உடனே உச்சக் குரலில் ஒரு விருத்தம் எடுக்க, மூச்சைப் பங்கிட்டுச் செலவழிக்கத் தெரிய வேண்டும். அதை யாரும் கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்க முடியாது. அண்ணாவியார் எந்த இடத்தில் நிறுத்துகிறாரோ அந்த இடத்தில் மூச்செடுத்து, மாதக்கணக்கில் உடம்பு தானே பழகவேண்டும். அப்படிப் பழகியவளுக்குக் கர்ணன் என்றால் பரீட்சைத் தாளில் ஐந்து புள்ளிக்கான விடை அல்ல. குந்தி தாய் என்று தெரிந்தபின்னும் அவன் துரியோதனனை விட்டு வராததன் காரணம் அவளுக்குக் களைப்போடும் வியர்வையோடும் சேர்ந்து விளங்கியிருக்கும். மருத்துவ மாணவர் விடுதியில் நோயாளியின் நாடியைத் தொட்டுப் படிப்பதும் இந்த வகைப் படிப்புத்தான். அங்கேயும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவர் செய்ததைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. விடியவிடிய நடப்பது கூத்துக்கு ஒரு குறையல்ல. அது ஊரின் கூடல். நடுச்சாமத்தில் தேத்தண்ணி குடித்து, பிள்ளையை மடியில் நித்திரையாக்கி, தெரிந்த கதையைத் தெரிந்தவர்கள் ஆடப் பார்க்கும் அந்த இரவை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவர முடியாது. நகரத்து மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய கூத்தினால் ஊர்க் களரிக்கு எவ்வளவு பயன் கிடைத்தது என்ற கேள்வியும் நியாயமானதே. செம்மைப்படுத்துதல் என்ற சொல்லே, முன்பு இருந்தது செம்மையாக இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது. என் மனத்துக்குப் படுவது இதுதான்: அவர் சுருக்காமல் விட்டிருந்தால் எமது தலைமுறைப் பெண்பிள்ளைகளின் காலில் சதங்கை ஏறியிராது. சுருக்கியதை மேலும் மேலும் சுருக்கி, ஒலிப்பதிவுக்கு வாயசைத்து ஆடும் அளவுக்குக் கொண்டுவந்தது பின்னால் வந்த எங்கள் வேலை. அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. அவர் அண்ணாவியாரை விட்டுவிட்டுக் கூத்தை மட்டும் எடுக்கவில்லை.

பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகள் நடத்தியதும் கலைக்கழகக் காலத்து முயற்சிகளில் ஒன்று. போட்டி என்றால் எங்கள் அதிபர்களுக்கு ஓர் உற்சாகம் வந்துவிடும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும் போலிருக்கிறது. கேடயம் ஒன்றுக்காகவேனும் ஓர் அண்ணாவியார் பாடசாலைப் படலையைத் தாண்டி உள்ளே வந்தார், ஆசிரியர் அறையில் அவருக்குக் கதிரை போடப்பட்டது. பிற்காலத்தில் உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் என்ற பாடம் வந்தபோது அதைப் படிப்பிக்க ஆட்கள் இருந்ததற்கும் பேராதனையில் விழுந்த வித்து ஒரு காரணம்.

அவருடைய வாழ்வின் பிற்பகுதி கடுமையானது. 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை முன்னின்று நடத்தியவர் அவர். பெரும் எதிர்ப்புகளுக்கிடையே நடந்தேறிய அம்மாநாடு இறுதிநாளான 10 ஆம் திகதி உயிரிழப்புகளோடு முடிந்ததை நாம் அறிவோம். 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாண வளாகத்தின் தலைவரானார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது துணைவேந்தரானார். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 1983 வந்தது, பின் போர் வந்தது. படைமுகாம்களுக்கும் ஊரடங்குக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்த ஆண்டுகளில் 1988 வரை அவர் அப்பதவியில் இருந்தார். அந்த ஆண்டுகளில் அங்கே பட்டம் பெற்ற எமது அக்காமார் பலர் இம்மலரை வாசிப்பார்கள். அவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். பதவியை விட்டுச் சிறிது காலத்திலேயே, 1989 ஜனவரியில், அறுபத்தைந்து வயதுகூட நிரம்பாமல் காலமானார். வித்தி என்று அன்போடு அழைத்த மாணவர்கள் அப்போது நாடெங்கும், கடல் கடந்தும் சிதறியிருந்தார்கள்.

செல்லையா அண்ணாவியாரின் ஊரான வந்தாறுமூலையில் இன்று கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மௌனகுரு அவர்கள் பேராசிரியராக இருந்ததும் அங்கேதான். ஒருகாலத்தில் கூத்தை ஆட அண்ணாவியார் மலைநாட்டுக்கு ஏறிப்போக வேண்டியிருந்தது. இப்போது அதைப் படிக்க மாணவர்கள் அவருடைய ஊருக்கு வருகிறார்கள்.

எமது கல்லூரியில் இப்போதும் ஆண்டுதோறும் தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழக்குகிறார்கள். பொறுப்பான ஆசிரியையுடன் கதைத்தபோது, போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்புதான் அண்ணாவியாரை அழைக்க முடிகிறது, அதற்கு மேல் போக்குவரத்துச் செலவுக்கும் கைச்செலவுக்கும் வழியில்லை என்றார். பிள்ளைகள் மிச்சத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்துப் பழகுகிறார்களாம். ஒரு தவணை முழுவதும், கிழமைக்கு இரண்டு பின்னேரம் அவர் வருவதற்கு ஆகும் செலவு, நாம் நூற்றாண்டு இராப்போசனத்துக்குக் கொடுக்கும் நுழைவுச்சீட்டுகளில் பத்துப் பன்னிரண்டின் விலைக்கு மேல் வராது. கொழும்புக் கிளையும் வெளிநாட்டுக் கிளைகளும் இதைச் செயற்குழுவில் எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். களஞ்சிய அறையில் இருக்கும் மத்தளத்துக்கு இடந்தலைப் பக்கம் தோல் மாற்ற வேண்டியிருக்கிறது. சதங்கைகள் பன்னிரண்டு சோடி இருக்கின்றன; அவை நன்றாக இருக்கின்றன.